மூச்சு வாங்காத தூரம்

உட்கார ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது குற்றமா? என் மாமனார் கேட்டார். ஒரே ஒரு பெஞ்சு. சாய்ந்துகொள்ள முதுகுகூட வேண்டாம், வெறும் பலகை போதும் என்றுதான் கேட்டார். அதற்காக அரசு இயந்திரம் எப்படி முடுக்கிவிடப்பட்டது, கடைசியில் எங்கள் வட்டாரமே எப்படி மூச்சு விட வெட்கப்பட்டது என்பதை உள்ளது உள்ளபடி இங்கே பதிவு செய்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு புறநகரில் ஒரு சரிவான தெருவின் அடியில் இருக்கிறது. நாங்கள் வாங்கும்போது விளம்பரத்தில் 'சகல வசதிகளும் அருகில்' என்று போட்டிருந்தார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். பஸ் நிறுத்தம், பூங்கா, மருந்துக் கடை, நூலகம், முடிவெட்டும் கடை எல்லாம் ஒன்றுக்கொன்று அருகில்தான் இருக்கின்றன. எல்லாமே மேட்டின் உச்சியில். எங்கள் வீடு மட்டும் கீழே.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். என் மனைவி பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். மூன்றாவது அவளுடைய அப்பா. பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குபவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயுசு பூராவும் மேலே போய்க்கொண்டே இருந்த மனிதர், அதற்காக ஓர் அடிகூட எடுத்து வைத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் யார் வாசலில் வந்து நின்றாலும் "மேலேயா, கீழேயா?" என்றுதான் கேட்பார். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே சந்தோஷம், மேட்டின் உச்சியில் முடி வெட்டுகிறவரோடு செஸ் ஆடுவது. காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவில் ஒரு காய் நகரும். அப்படி ஒரு பெரிய ஆட்டம் பாதியில் இருக்கும்போதுதான் மாமாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. முடிவெட்டுகிறவர் பலகையை அப்படியே தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். "உங்க முறைதான், வந்து நகர்த்துங்க" என்று சொல்லி அனுப்பினார். எந்தக் காய் என்று போனில் சொல்கிறேன் என்று மாமா சொன்னதற்கு, "எதிர்ல முகம் இல்லாம என்ன ஆட்டம்?" என்று மறுத்துவிட்டார்.

மருத்துவர் நல்ல மாதிரி. "தாராளமா நடங்க. ஆனா மேடு ஏறும்போது நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்க" என்றார். எங்கள் தெருவின் நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. வளைவில் கொஞ்சம் காலி இடமும் ஒரு மின்கம்பமும் இருக்கின்றன. உட்கார ஒன்றும் இல்லை. ஒரு நாள் மாமா தரையிலேயே உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்தது பிரச்சினையில்லை. எழுப்புவதற்கு நான், தபால்காரர், காய்கறி வண்டிக்காரர் மூன்று பேரும் வேண்டியிருந்தது. வாடகை வண்டி கூப்பிட்டேன். "இவ்வளவு பக்கத்துக்கெல்லாம் வர முடியாதுங்க" என்றார் ஓட்டுநர். எங்கள் வீட்டுக்கு எல்லாம் பக்கம் என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஆகவே எங்கள் சாப்பாட்டு மேசையின் பச்சை நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய் வளைவில் போட்டேன். ஒரு கால் கொஞ்சம் ஆடும், ஆனால் ஆளைத் தாங்கும். மாமா அன்று ஏறிப் போய்விட்டார். முடிவெட்டும் கடை அன்றைக்கு விடுமுறை. ஏறிய மகிழ்ச்சியிலேயே இறங்கி வந்தார். மறுநாள் காலையில் நாற்காலியைக் காணோம். வசதிகள் அலுவலகம் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகத் தபால்காரர் சொன்னார்.

வசதிகள் அலுவலகம் என்பது நம் வசதிக்காக ஏற்படுத்தப்பட்டது. அங்கே நிற்கத்தான் இடம் உண்டு. ஜன்னலுக்கு உள்ளே ஓர் எழுத்தர் உட்கார்ந்திருந்தார்.

"அந்த நாற்காலி எங்களுதுங்க" என்றேன்.

"தெருவுல இருந்தா அது பொதுச்சொத்து."

"அப்ப பொதுமக்கள் உட்காரலாமே?"

"உட்கார்ந்தா ஆக்கிரமிப்பு."

"சரி, நாற்காலியைத் திருப்பிக் குடுங்க."

"பொதுச்சொத்தைத் தனியாளுக்குக் குடுக்க முடியுங்களா? நீங்களே சொல்லுங்க" என்று என்னிடமே நியாயம் கேட்டார். பிறகு மனசு இளகி வழியும் சொன்னார். "உட்கார வசதி வேணும்னா பெஞ்சுக்கு மனு போடுங்க. அருகில் ஏற்கெனவே உட்கார வசதி இல்லைன்னு அதிகாரி வந்து பார்த்துச் சொன்னா, மறு பேச்சில்லாம பெஞ்சு போட்டுருவோம்."

"பூங்காவுல பெஞ்சு இருக்கு. ஆனா அது மேட்டு உச்சியில இருக்குங்க. அருகில்னா எவ்வளவு தூரம்?"

"மூச்சு வாங்காத தூரம்."

"யாருக்கு?"

"மதிப்பிடுற அதிகாரிக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் நாடா பிடித்து அளந்தார்களாம். மேடு பள்ளம் என்று மக்கள் தகராறு செய்ததால் வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டதாம். குழு பல நாடுகளுக்குச் சென்று, பல தெருக்களில் நடந்து, பல விடுதிகளில் ஓய்வெடுத்து, மனிதனே மனிதனுக்கு அளவுகோல் என்று முடிவுக்கு வந்ததாம். மதிப்பிடும் அதிகாரி வீட்டு வாசலிலிருந்து நடப்பார். அவருக்கு மூச்சு வாங்காமல் எதுவரை போக முடிகிறதோ அதுவரை அருகில். மூச்சு வாங்கிய இடத்திலிருந்து தூரம். இதில் மேல்முறையீடு கிடையாது.

மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதிகாரி வந்தார். நல்ல மனிதர், நல்ல உடம்பும்கூட. வண்டியிலிருந்து இறங்கியதற்கே அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேலேயா, கீழேயா?" என்றார் மாமா.

"உள்ள" என்றார் அதிகாரி.

உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "உங்க வீட்டுக் கேட்டே தூரம்தாங்க. மேடெல்லாம் நான் பார்க்கவே வேணாம்" என்றார். என் மனைவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மாமா அன்றைக்கே சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

விஷயம் தெருவுக்குள் பரவியது. ஆளாளுக்கு அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அவரும் சளைக்காமல் வீட்டுக்கு வீடு மூச்சு வாங்கினார். அவர் கிளம்பும்போது எங்கள் வட்டாரத்தில் எவருக்கும் எதுவும் அருகில் இல்லை என்பது சட்டப்படி உறுதியாகிவிட்டது. ஒரு வீட்டில் அடுக்களையே கூடத்திலிருந்து தூரம் என்று எழுதிவிட்டாராம்.

அறிக்கையைப் பார்த்த அலுவலகம் அதிர்ந்து போனது. விதிப்படி வீட்டுக்கு ஒரு பூங்கா, வாசலுக்கு ஒரு பஸ் நிறுத்தம் கட்டியாக வேண்டும். இல்லையென்றால் அதிகாரியை மாற்ற வேண்டும். எது சுலபம் என்று உங்களுக்கே தெரியும். நல்ல மனிதர் மூச்சுக்கு வேலையில்லாத ஒரு கோப்பறைக்கு மாற்றப்பட்டார். அவர் இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஓட்டப் பந்தயங்களில் பதக்கம் வாங்கியவர். ஒல்லி, உயரம், பார்வை எப்போதும் தூரத்தில்.

அவர் எங்கள் வாசலில் நின்று காலை உதறிக்கொண்டார். மாமா ஆசையாகப் பக்கத்தில் போய், "அந்த வளைவு வரைக்கும்தாங்க பார்க்கணும்" என்றார். ஓட்டக்காரர் கிளம்பினார். வளைவைத் தாண்டினார். மேட்டைத் தாண்டினார். பூங்காவைச் சுற்றினார். பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் திரும்பி வந்தார், வியர்வைகூட இல்லை.

"உங்களுக்குப் பூங்கா அருகில். பெரிய ஆஸ்பத்திரி அருகில். ரயில் நிலையம் அருகில். கடற்கரையும் அருகில்தான்" என்றார்.

"கடற்கரையா? அதுக்கு நாங்க பஸ் மாறிப் போவோமே!" என்றேன்.

"ஏன்?" என்று அவர் உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"சார், எங்க மாமா ஓட முடியாதுங்க. முழங்கால்."

"அது அவரோட தனிப்பட்ட தூரம். அரசு தூரம் வேற."

மனு தள்ளுபடியானது. அதோடு விட்டார்களா? எங்கள் வட்டாரத்துக்கு 'அனைத்தும் அருகில்' என்று ஒரு சான்றிதழ் வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் தலைவி அதை மரச்சட்டம் போட்டுத் தன் கடையில் மாட்டிக்கொண்டார். மேட்டு உச்சியில் காலணிக் கடை வைத்திருப்பவர் அவர். அன்றிலிருந்து எங்கள் தெருவுக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்வேன்.

மூச்சு வாங்காமல் இருப்பது மோஸ்தராகிவிட்டது. எல்லோர் காலிலும் அவர் கடைக் காலணி. மூச்சை அளக்கும் கைக்கடிகாரம் வந்தது. மூச்சை அடக்கும் வகுப்பு வந்தது. அதை நடத்தியவர் முன்பு கொசுவலை விற்றவர். வீடு பார்க்க வருகிறவர்களிடம், "எங்க ஏரியாவுல யாருக்கும் மூச்சு வாங்காதுங்க" என்று பெருமையாகச் சொன்னார்கள். சொன்னவருக்கு அதைச் சொல்லி முடிப்பதற்குள் வாங்கிவிடும்.

ஏனென்றால் மேடு மாறவில்லை. வளைவுக்கு வந்தால் எல்லோருக்கும் மூச்சு இழுக்கத்தான் செய்தது. ஆனால் காட்டிக்கொள்ளக் கூடாதே! ஒருவர் அங்கே வந்ததும் குனிந்து காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டுவார். இன்னொருவர் போனை எடுத்து, யாரும் அழைக்காமலே "ம்... ம்..." என்பார். ஓர் அம்மா தினமும் அங்கே நின்று குருவி பார்த்தார். குருவி எங்கே என்று நான் கேட்டதற்கு, "இப்பத்தான் பறந்துச்சு" என்றார். எனக்குக் கிடைத்த சாக்கு மின்கம்பம் மட்டும்தான். அதன் அழகை நின்று ரசித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என் மாமனாருக்கு மட்டும் நடிக்கத் தெரியவில்லை. காலையில் இஸ்திரிச் சட்டையோடு கிளம்புவார். வளைவு வரைக்கும் எப்படியோ வந்து, கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி மூச்சு வாங்குவார். அங்கிருந்து பார்த்தால் முடிவெட்டும் கடையின் கண்ணாடிக் கதவு தெரியும். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத் தலைவி இரண்டு பேரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

"ஐயா மூச்சு வாங்குறதை நாங்க தப்பே சொல்லலைங்க. வயசானா வாங்கத்தான் செய்யும். அதை வீட்டுக்குள்ள வாங்கிக்கலாமேன்னுதான் கேட்கிறோம்" என்றார்.

"வீட்டுக்குள்ள எனக்கு வாங்க மாட்டேங்குதேம்மா. மேடு வெளியில இல்ல இருக்கு?" என்றார் மாமா.

"அடுத்த வாரம் ஆணையரே வராருங்க. சான்றிதழைக் கல்லுல வெட்டித் திறந்து வைக்கப் போறாங்க. அந்த நேரம் பார்த்து ஐயா கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நம்ம எல்லாருக்கும்தானே அசிங்கம்?"

என் மனைவி முன்னால் வந்தாள். பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள், மற்றவர்கள் அலறுவதைப் பொறுமையாகக் கேட்டே பழக்கப்பட்டவள். அன்றைக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணு செய்யுங்க. அந்த மேட்டைத் தூக்கிட்டு வந்து எங்க ஹால்ல வைங்க. அப்பா உள்ளேயே மூச்சு வாங்கிக்குவார். நீங்களும் வந்து வாங்கிக்கலாம். நேத்து நீங்க வளைவுல நின்னு பூ பறிக்கிற மாதிரி நடிச்சதை நான் பார்த்தேன். அங்க பூச்செடியே கிடையாது!"

அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். பழத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் மாமா சத்தமில்லாமல் உள்ளே போய் இஸ்திரிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். "நம்மளால எதுக்கு நாலு பேருக்குச் சங்கடம்? ஆட்டத்தை அவரே ஜெயிச்சதா வச்சுக்கட்டும், சொல்லிருங்க மாப்பிள்ளை" என்றார்.

அன்று சாயங்காலம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடுக்களைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தீ அதிகம், உப்பு கம்மி என்று ஓயாமல் சொல்லி என் உயிரை வாங்கும் மனிதர், அன்று பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாயை மூட மாட்டாரா என்று எத்தனையோ நாள் நினைத்தவன் நான். மூடியபோது தாங்க முடியவில்லை. முடிவெட்டுகிறவரிடம் நான் ஒன்றும் சொல்லப் போகவில்லை.

கல் வந்தது. வட்டாரத்தில் வேறு காலி இடம் இல்லாததால் வளைவிலேயே பதித்தார்கள். சாதாரணக் கல் இல்லை. ஆணையர், துணை ஆணையர், இணை ஆணையர், ஓட்டக்காரர், சங்கத் தலைவி, வல்லுநர் குழு உறுப்பினர்கள் எல்லோருடைய பெயரும் பதவியும் இடம்பெற வேண்டியிருந்ததால் கல் நீளமாக அமைந்தது. நிமிர்த்தி வைத்தால் மின்கம்பியில் இடிக்கும் என்பதால் படுக்க வைத்தார்கள். தெருவே படிக்க வேண்டுமே என்று முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வைத்தார்கள். வழுவழுப்பாகத் தேய்த்து, மேலே சிவப்புத் துணி போர்த்தி, காவலுக்கு ஓர் ஆளையும் நிறுத்தினார்கள்.

விழா அன்று காலையில் ஊர்ச் சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்தார். என் மனைவி இஸ்திரிச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "எங்கேயும் போக வேணாம்ப்பா, கேட்டுல நின்னு வேடிக்கை பாருங்க போதும்" என்றாள். மாட்டிக்கொண்டு, கைத்தடியோடு கேட்டில் நின்றார்.

நிகழ்ச்சி நிரலின்படி ஆணையர் தெருவின் அடியிலிருந்து நடந்தே மேலே வந்து, எல்லாம் அருகில்தான் என்பதை மக்களுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். அவருடைய கார் எங்கள் வாசலில்தான் நின்றது. கோட்டும் சூட்டும் போட்ட கனத்த மனிதர். எல்லோரும் வளைவில் கூடிக் காத்திருந்ததால் கீழே அவரை வரவேற்க யாருமே இல்லை. இறங்கி, மேட்டைப் பார்த்து, கொஞ்சம் தயங்கினார்.

மாமா கேட்டைத் திறந்தார். பழைய தொழில் மரியாதை வந்துவிட்டது. "வாங்க சார். மேலேயா, கீழேயா?"

"மேலதான்."

"நானும் மேலதான்" என்று மாமா கூடவே கிளம்பிவிட்டார்.

நானும் மனைவியும் பதறிப் பின்னால் ஓடினோம். அதற்குள் இருவரும் பேசிக்கொண்டே ஏற ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் ஆணையர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பார்ப்பதற்கு மிகவும் அன்பாக இருந்தது, காரில் கூட வந்த புகைப்படக்காரர் படமெடுத்தார். கொஞ்ச தூரம் போனதும் மாமாதான் அவர் கையைப் பிடித்திருந்தார். இன்னும் கொஞ்ச தூரத்தில் கைத்தடி ஆணையரின் கையில் இருந்தது. வளைவை நெருங்கும்போது யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று சொல்ல முடியவில்லை. மேளதாளமாக வரவேற்கக் காத்திருந்த கூட்டம் வழிவிட்டு விலகியது. ஆணையர் யாரையும் பார்க்கவில்லை. நேராகக் கல்லுக்குப் போய், சிவப்புத் துணியின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஆணையருக்கு மூச்சு வாங்கியது. சும்மா இல்லை, கொல்லன் உலைத் துருத்தி மாதிரி வாங்கியது.

சங்கத் தலைவி ஓட்டக்காரரைப் பார்த்தார். ஓட்டக்காரர் விதியை மீறத் தெரியாத மனிதர். சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "விதிப்படி அதிகாரிங்க நாங்க எல்லாரும் ஐயா பேராலதான் மூச்சு விடறோம். ஐயாவுக்கே மூச்சு வாங்குச்சுன்னா இந்த வட்டாரம் தூரம். சான்றிதழ் செல்லாது" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. தூரம் என்றால் பெஞ்சு! என் மனைவி என் கையைக் கிள்ளினாள். ஆணையரோ பேச முடியாமல் கையை ஆட்டினார். ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா, யாருக்கும் தெரியவில்லை.

"ஐயாவுக்கு மூச்சே வாங்கலை!" என்று கத்தினார் சங்கத் தலைவி. "உணர்ச்சிவசப்பட்டிருக்கார்! நம்ம வட்டாரத்தைப் பார்த்ததும் நெஞ்சு அடைச்சுப்போச்சு!"

"ஆமாம், உணர்ச்சிதான்!" என்றது கூட்டம். குருவி பார்க்கும் அம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆணையர் நன்றியோடு நெஞ்சில் கையை வைத்தார்.

ஓட்டக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "சாட்சி வேணும். பக்கத்துல இருந்து கேட்டவர் சொல்லட்டும்" என்று மாமாவிடம் திரும்பினார். "ஐயா, நீங்க கூடவே வந்தீங்க. இது மூச்சா, உணர்ச்சியா?"

தெருவே மாமாவின் வாயைப் பார்த்தது. உண்மையைச் சொன்னால் போதும், பெஞ்சு கிடைத்துவிடும். சொல்லுங்க மாமா, சொல்லுங்க என்று நான் மனதுக்குள் கும்பிடாத குறை. மாமா அவசரப்படவில்லை. தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துணியோடு சேர்த்து ஒரு தடவை தடவிப் பார்த்தார். காலை நீட்டிப் பார்த்தார். மேலே முடிவெட்டும் கடையின் கதவைப் பார்த்தார்.

"உணர்ச்சிதாங்க. எனக்கும் அதேதான். கொஞ்ச நேரம் இப்படி உட்கார்ந்தா அடங்கிடுது" என்றார். பிறகு ஆணையர் பக்கம் சாய்ந்து, "சார், எனக்கு தினமும் காலையில இப்படி வரும்" என்றார்.

ஆணையருக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "வரட்டும், தாராளமா வரட்டும்! மக்களோட உணர்ச்சிக்கு இந்த அரசு மதிப்புக் கொடுக்கும்!" என்று அங்கேயே அறிவித்தார். பலத்த கைதட்டல். அவர் எழுந்திருக்கும் நிலையில் இல்லாததால், இரண்டு பேர் அவருக்கு அடியிலிருந்து சிவப்புத் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக் கல்லைத் திறந்து வைத்தார்கள்.

மாமா இதற்குள் தெம்பாகிவிட்டார். கைத்தடியை ஆணையரின் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டு, மிச்ச மேட்டை ஏறி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முடிவெட்டுகிறவர் பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு அலமாரியிலிருந்து பலகையை இறக்கினாராம். மாமா உட்கார்ந்ததும் பேசிய முதல் வார்த்தை, "என் குதிரை எங்கய்யா?" என்பதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, உப்பு கம்மி என்றார். என் மனைவி அடுக்களையில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்தில் கல்லுக்குப் பக்கத்தில் பலகை நட்டார்கள்: 'உணர்ச்சிவசப்படுவோர் அமருமிடம். பிற காரணங்களுக்காக அமர்தல் தண்டனைக்குரியது.' அதன் பிறகு எங்கள் வட்டாரத்தைப் போல் உணர்ச்சிமயமான வட்டாரம் உலகத்தில் கிடையாது. காலணி நாடா கட்டுகிறவர், போனில் 'ம்' சொல்கிறவர், குருவி அம்மா எல்லோரும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சங்கத் தலைவி காலையும் மாலையும் உணர்ச்சிவசப்படுகிறார். ஓட்டக்காரருக்குப் பதவி உயர்வு கிடைத்து, மேசையும் சுழல் நாற்காலியும் கொடுத்து உட்கார வைத்துவிட்டதால், இப்போது அவருக்கும் அடிக்கடி நெஞ்சு அடைக்கிறது.

உணர்ச்சி உண்மையானதுதானா என்று பார்க்க அதிகாரி ஒருவர் தேவைப்பட்டார். கோப்பறைக்கு மாற்றப்பட்ட அந்த நல்ல மனிதரையே அனுப்பினார்கள். எல்லோருடையதையும் உண்மை என்றே எழுதுகிறார். கல் மக்களுக்கானது என்பதால், அவர் உட்கார அலுவலகம் தனியாக ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறது. பச்சை நாற்காலி. ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது.

மற்ற வட்டாரங்களும் இப்போது இப்படி ஒரு கல் வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கின்றன. பெஞ்சு கேட்டு நகரம் முழுக்க ஒரு மனுகூட வரவில்லை, ஆகவே பெஞ்சு மக்களுக்குத் தேவையில்லை என்பது நிரூபணமாகிவிட்டது என்று ஆணையர் அறிக்கை விட்டார். படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது, இந்தப் பொய்யைப் போட்டு உடைப்பது என்று வேகமாக மேடு ஏறினேன். வேகமாக ஏறியதுதான் தப்பு. வளைவுக்கு வரும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கல்லின் ஓரத்தில் மாமா உட்கார்ந்திருந்தார். "என்ன மாப்பிள்ளை, மூச்சு வாங்குதா?" என்று கேட்டுவிட்டார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நல்ல மனிதர் பச்சை நாற்காலியில் நிமிர்ந்து பேனாவைத் திறந்தார்.

"சேச்சே, மூச்சா? எனக்கா?" என்று நெஞ்சில் கையை வைத்தேன். "உணர்ச்சி, மாமா."

"அப்படிச் சொல்லுங்க" என்று அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஆணையரின் பதவிப் பெயர் மேல் நானும் உட்கார்ந்தேன்.